செல்வியின் வாயில் பூண்டு வாடை

என் செல்லக் கோமதிக்கு,

செத்துப்போன நாத்தனாருக்குக் கடிதம் எழுதுகிறவள் ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதுவும் நீ போய் மூன்று வருஷம் கழித்து. சிரிக்காதே.

உன் மகள் செல்வி இப்போது நம் சோலார் கம்பெனியில்தான் இருக்கிறாள். வெயிலை மின்சாரமாக்கும் பெரோவ்ஸ்கைட் கலவையைக் கண்ணாடியில் பூசுகிற அதே மேஜை. உன்னை அங்கே சேர்த்துவிட்டவளும் நான், அவளைச் சேர்த்ததும் நான். என்ன தைரியத்தில் செய்தாய் என்று கேட்பாய்.

நீ புழங்கிய அந்தப் பழைய கரைப்பான் டி.எம்.எஃப். இப்போது இல்லை. அது ஈரலைக் கெடுக்கும் என்று பிறகுதான் படித்தேன். உன் ஈரலைக் கெடுத்ததும் அதுதானா? டாக்டர் உறுதியாக எதுவும் சொல்லவில்லை. நான் மேனேஜரோடு ஒரு வருஷம் மல்லுக்கட்டி அதை மாற்றவைத்தேன். பதிலுக்கு வந்தது டி.எம்.எஸ்.ஓ. விஷம் மிகக் குறைவு. முதலில் பூச்சு ஓட்டை ஓட்டையாக வந்தது. சூடாக்கும் நேரத்தைக் கூட்டிக் குறைத்துச் சரிசெய்தோம். அன்று எல்லாப் பெண்களுக்கும் வடை வாங்கிக் கொடுத்து, "இனி பயமில்லை" என்றேன்.

அந்த ஒரு வார்த்தையால்தான் வினை வந்தது.

நேற்று மதியச் சாப்பாட்டில் செல்வி முகத்தைச் சுளித்தாள்.

"அத்தே, ரெண்டு நாளா பூண்டே சேக்கல. வாயெல்லாம் பூண்டு வாடை அடிக்கு. ஏன்?"

சோற்றை ஒதுக்கிவைத்துவிட்டு அவள் கையைப் பிடித்துப் பார்த்தேன். இந்தப் புதுக் கரைப்பான் தோல் வழியாக உள்ளே போனால் வாயில் அந்த வாடை வரும். போகும்போது அது தனியாகப் போகாது. தன்னில் கரைந்திருப்பதையும் இழுத்துக்கொண்டு போகும். நம் கலவையில் கரைந்திருப்பது ஈயம்.

"கையுறை எங்கட்டி?"

"அது போட்டா கை வேர்க்கு. நீங்கதான இனி பயமில்லன்னு சொன்னிய?"

பத்து நாளாக வெறுங்கையாம். மற்ற பெண்களும் அப்படித்தான்.

இன்று காலை வண்ணார்பேட்டை ஆஸ்பத்திரியில், உடம்பில் ஈயம் ஏறியிருக்கிறதா என்று பார்க்க அவள் ரத்தத்தைச் சோதனைக்குக் கொடுத்தோம். முடிவு நாளை மறுநாள். ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். திரும்பும்போது ஆற்றுப்பாலத்தில் அவள் தண்ணீரைப் பார்த்துக் குஷியாக ஏதோ பேசிக்கொண்டு வந்தாள். நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறது கோமதி. உன் அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வேன்?

நாளை காலை வேலை தொடங்குமுன் எல்லாரையும் நிறுத்தி, நான் சொன்னது தப்பு என்று சொல்வேன். சரியான கையுறை வரும்வரை ஒரு புட்டியையும் திறக்கவிடமாட்டேன். மேனேஜர் கத்தினால் கத்தட்டும். செல்வியை நான் பார்த்துக்கொள்கிறேன், இது சத்தியம். அம்மா ஞாபகம் வந்து அவள் உன் படத்தின் முன்னால் நின்றால், நீ பேசாமல் இரு. அவளை உன்னிடம் கூப்பிட்டுவிடாதே.

உன் மதினி,
பேச்சியம்மாள்