‘அம்மா-போன்’ டேக்கில் கை வைக்காதே

என் உயிரையும் எடுத்து, உன் உயிரையும் விட்ட மச்சி லூர்து,

முதலில் திட்டிவிடுகிறேன், சேதியெல்லாம் அப்புறம். காய்ச்சல் என்று லீவ் லெட்டர் கொடுத்தவன் லீவ் முடிந்ததும் வரணுமா, இல்லையா? பெஞ்சில் உன் பாதியும் இப்போது எனக்குத்தான். யார் கேட்டது?

நீ எனக்கு டேக்கா கொடுத்தது போதாதென்று, நம்ம புரோகிராமிங் ஃபோரத்தில் கேள்விகளை வகை பிரிக்க நீ ஒட்டிய டேக்கையும் தூக்கப் பார்த்தார்கள். நடத்துகிற முரளி அண்ணன் பெரிய அறிவிப்பே போட்டிருந்தார்: “மிகக் குறுகிய டேக்குகளால் யாருக்கும் பயனில்லை. ‘அம்மா-போன்’ என்பது ஒரு தொழில்நுட்பமே அல்ல. ‘மொபைல்’ டேக்கோடு சேர்த்துவிடலாம்.”

படித்ததும் காது வரைக்கும் சூடாகிவிட்டது. புரோகிராமிங் சந்தேகம் கேட்கிற எல்லோரிடமும் தரமணியில் இவருக்கு இருப்பது மாதிரி ரெண்டு கம்ப்யூட்டரா இருக்கிறது?

அவர் சொன்னதில் பாதி சரிதான், ஒப்புக்கொள்கிறேன். நான் ஒட்டிய ‘லூர்து-தூங்கிட்டான்’, ‘கணக்கு-பீரியட்ல-கேட்டது’ ரெண்டையும் தூக்கச் சொல்லி நானே ஓட்டுப் போட்டேன். அந்தப் பெயரில் யார் வந்து எதைத் தேடப்போகிறார்கள்? நாம் ரெண்டு பேர் சிரிப்பதற்காக வைத்தது. இப்போது சிரிக்க ஒரு ஆள்தான் பாக்கி.

ஆனால் உன்னுடையது அப்படியா? அம்மா போனிலேயே புரோகிராம் எழுதிப் பழகுகிறவர்களுக்கானது. ‘மொபைல்’ டேக்கில் போய்க் கேட்டால் “லேப்டாப் வாங்கு” என்கிறார்கள். இல்லையென்றால் “இந்த ஆப்பை இறக்கு” என்கிறார்கள். எங்கே இறக்குவது? அம்மா போனில் கல்யாண வீடியோவுக்கும் குட்மார்னிங் ரோஜாப்பூவுக்குமே இடம் இல்லை. ஒரு போன் வரும், எழுதின புரோகிராம் கோடு மொத்தமும் காணாமல் போகும். அம்மா வேலைக்குக் கிளம்பினால் கம்ப்யூட்டரே பஸ் ஏறிப் போய்விடும். இது தெரிந்தவன்தானே அந்த டேக்கைத் தொடங்க முடியும்?

ஞாயிற்றுக்கிழமை ஃபோரத்துக்காரர்கள் ஆழ்வார்பேட்டை டீக்கடை மாடியில் கூடினோம். “நுணுக்கமா வெச்சா எவனும் தேட மாட்டான்டா” என்று முரளி அண்ணன் ஆரம்பித்தார்.

“அண்ணா, உங்க போன்லயே சின்னதா ஒண்ணு எழுதிக் காட்டுங்க. ‘மொபைல்’ ஆளுதானே நீங்க?” என்றேன்.

மனுஷன் நம்பி எழுத ஆரம்பித்தார். மேசைக்கடியில் என் அம்மா போனிலிருந்து அவருக்கு அடித்தேன்.

“ஹலோ, யாரு?”

“உன் சித்தி பேசறேன் நைனா,” என்று குரலை மாற்றினேன். “துன்னியா? எனக்கு மூட்டு வலி தாங்கல. பக்கத்தூட்டுக்காரி இன்னா பேச்சு பேசினா தெரியுமா...”

எல்லோரும் சிரித்து முடித்து அவர் ஆப்பைத் திறந்தால், வெள்ளைப் பக்கம்.

“இன்னாண்ணா, கோடு கீதா?”

“போச்சுடா பாவி.”

“ரெண்டு வரிக்கு ஒருதபா சேவ் பண்ணுன்னு லூர்து எழுதி வெச்சுகீறான். ‘மொபைல்’ல தேடுங்க, கெடைக்குதா பாப்போம்.”

தேடினார். லேப்டாப் வாங்கச் சொல்லும் பதில்களாகவே வந்தன. போனைக் கீழே வைத்துவிட்டு மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் குத்திவிட்டது: “சரிடா. ஆனா இதுல பதில் சொன்னதெல்லாம் அவன் ஒருத்தன்தான். ஆளே இல்லாத டேக்கு எதுக்கு?”

அந்த நொடியில் அவர் மேல் வந்ததை விட உன் மேல்தான் எனக்கு அதிகம் கோபம் வந்தது. ஆள் எங்கேடா போன?

“ஆள் கீறான்.”

“யாரு?”

“நான்தான்.”

இதற்குச் சித்தி போனை விடப் பெரிய சிரிப்பு. முழுப்பரீட்சை லீவ் வரைக்கும் டைம் கொடுத்திருக்கிறார். ஒரு கேள்வி பதில் இல்லாமல் கிடந்தாலும் தூக்கிவிடுவாராம்.

ஒன்றை மட்டும் நான் அங்கே சொல்லவில்லை. உங்க அம்மா போனில் உன் ஃபோரம் கணக்கு இன்னும் திறந்தே இருக்கிறது. உன் டேக்கில் யார் கேள்வி கேட்டாலும் அது மணி அடிக்கிறது. உங்க அம்மா எடுத்துப் பார்க்கிறார்கள், உன்னைத்தான் யாரோ கூப்பிடுகிறார்கள் என்று. இதைச் சொல்லியிருந்தால் முரளி அண்ணனே அழுதுகொண்டே டேக்கை விட்டுவைத்திருப்பார். பாவம் பார்த்து விட்டுவைத்த டேக் உனக்கு அசிங்கம் மச்சி. உதவுகிறது என்பதற்காகத்தான் அது நிற்கணும்.

இன்று காலை உங்க அம்மா அடையாறு பஸ் ஸ்டாப்பிலிருந்து கூப்பிட்டார்கள். “சரவணா, யாரோ ஒரு பொண்ணு கேக்குதுபா. அம்மா வேலைக்குக் கெளம்பறாங்க, சீக்கிரம் சொல்லுங்கன்னு போட்டுகீது. நம்ம லூர்து இல்லன்னு நான் எப்டிப்பா சொல்றது? நீ பாரேன்.”

பார்த்தேன். அவள் எழுதின கோடில் லூப் நிற்காமல் ஓடுகிறதாம், அதே வரிகளே திரும்பத் திரும்ப. எனக்கு என்ன தெரியும்? உன் பழைய பதில்களைத் தோண்டினேன். வாசலில் என் அம்மா பையை மாட்டிக்கொண்டு கையை நீட்டினாள்.

“குடுடா, தி.நகர் பஸ்ஸு பூடும்.”

“ஒரே நிமிசம்மா.”

“அந்தப் புள்ள இருந்தப்பவும் இதே ரோதனைதான், இப்பவுமா?”

நான் முதலில் சொன்ன பதில் தப்பு. இரண்டாவது சரியாக வந்தது. “ஓடுதுண்ணா, சேவ் பண்ணிட்டேன்” என்று அந்தப் பெண் போட்டாள். என் அம்மாவின் பஸ் போய்விட்டது. எனக்கு ரெண்டு அறை. அதில் ஒன்று உன்னுடையது, கணக்கில் வைத்துக்கொள்.

கோபம் ஆறவில்லை, ஆற விடவும் மாட்டேன். ஆனால் உங்க அம்மா கையில் அந்தப் போன் எப்போது அடித்தாலும், மறுமுனையில் பதில் இருக்கும். இது விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

உன் அம்மாவுக்கு இப்போது இன்னொரு பிள்ளையான
உன் மச்சி சரவணன்