சிவப்புப் புள்ளி போட்டவர்

ஜூன் 10, திங்கள்

எங்கள் வாடகை மெஷின் கடை திறந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, முதலாளி வந்துவிட்டார். எப்போதும் பதினொரு மணிக்கு வருகிற மனிதர். விஷயம் இதுதான்: சனிக்கிழமை மாலை மழையில் வெள்ளைச்சட்டைக்காரர் தோண்டிய அஸ்திவாரக் குழியில் தண்ணீர் நிறைந்திருக்கிறது. (கட்டட கான்ட்ராக்டர். சேற்றில் தொழில், உடுத்துவது வெள்ளை. நாங்கள் வைத்த பெயர்.) பக்கத்தில் இருக்கிறதே என்று எங்கள் கிளைக்கடைக்கு ஓடிப்போய்த் தண்ணீர் இறைக்கிற பம்பு கேட்டிருக்கிறார். தர முடியாது என்று அனுப்பிவிட்டார்கள். விடிவதற்குள் குழி சரிந்து, அடுத்த வீட்டுச் சுற்றுச்சுவர் உள்ளே விழுந்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்த வேலை அவர் கையைவிட்டுப் போய்விட்டது.

"பதினஞ்சு வருஷமா நம்மகிட்ட வாடகைக்கு எடுக்கிற ஆளு. முடியாதுன்னு சொல்ல இவ யாரு?" என்றார் முதலாளி.

இவள் என்றது கிளைக்கடையைப் பார்த்துக்கொள்கிற கிளைக்காரம்மாவை. சேர்ந்து நான்கு மாதம். என்னைவிட மூன்று வயது பெரியவள். ஆனால் வேலையில் நான் மூத்தவளாம், அதனால் எனக்கு அக்கா பட்டம். அந்தம்மா முதலாளியிடம் சொன்னது: "சாப்ட்வேர்ல அவரோட பக்கத்தைத் திறந்தா சிவப்புப் புள்ளி வந்துச்சு சார். வாடகைக்கு விட வேண்டாம்னு இருந்துச்சு."

"யார் போட்டதுன்னு பாரு" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அதைப் பார்க்கத் தெரிந்தவள் கடையில் நான் ஒருத்திதான். அறுநூற்றுச் சொச்சம் வாடிக்கையாளர்களையும் பழைய நோட்டுகளிலிருந்து ஒவ்வொருவராக ஏற்றியவளும் நான்தான்.

பார்த்தேன். அக்டோபர் 14, மாலை 5.52.

போட்டவர் என்ற இடத்தில் என் பெயர்.

ஜூன் 11

ஞாபகம் வந்துவிட்டது. அன்றைக்குக் கான்கிரீட் உடைக்கிற மெஷினைச் சேறும் சகதியுமாகக் கொண்டுவந்து போட்டார். கழுவித் தரக்கூடாதா என்று கேட்டேன். சரி, கொஞ்சம் காரமாகத்தான் கேட்டேன். "மெஷினைவிட உன் வாய் சத்தம் ஜாஸ்திம்மா" என்றார், நாலு பேர் எதிரில். எல்லாரும் சிரித்தார்கள். அவர் தலை மறைந்ததும் புள்ளியைப் போட்டேன். காலையில் எடுத்துவிடலாம் என்றுதான்.

எட்டு மாதமாக எப்படிக் கண்ணில் படவில்லை? அதற்கப்புறம் எத்தனை தடவை வந்தார், நானே எடுத்துக் கொடுத்தேனே. சிவப்பு வந்தால் 'பரவாயில்லை' என்று தட்டித் தாண்டிப் போகிற அனுமதி எனக்கு உண்டு. பார்க்காமலே தட்டியிருக்கிறேன். மனுஷனைத் தெரியும்போது பக்கத்தை யார் படிக்கிறார்கள்? கிளைக்காரம்மாவுக்கு அந்த அனுமதி இல்லை.

காலை 9.07க்குப் புள்ளியை எடுத்துவிட்டேன்.

சாப்ட்வேர் கம்பெனிக்குப் போன் செய்து, யாருக்கோ கேட்கிற மாதிரி, பழைய பதிவை அழிக்க முடியுமா என்று கேட்டேன். "முடியாது மேடம். போட்டதும் இருக்கும், எடுத்ததும் இருக்கும்." திறந்து பார்த்தால் ஆமாம், என் பெயர் இப்போது இரண்டு தடவை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஜூன் 12

முதலாளி கிளைக்குப் போய்விட்டு வந்தார். "எங்கம்மா சிவப்பு, காட்டுன்னேன். திறந்தா ஒண்ணுமே இல்ல. முழிக்குது. வாய் கூசாம பொய் சொல்லியிருக்கு." சனிக்கிழமையோடு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம்.

நான் எடுத்ததால்தானே இல்லை. சொல்லியிருக்கலாம், ஒரு வரி. தேள் கொட்டிய திருடன் மாதிரி நின்றேன்.

இந்தக் கடையில் எனக்கு என்ன இருக்கிறது? 'அவளைக் கேட்டா சரியா இருக்கும்' என்கிற ஒரு பெயர். பதினோரு வருஷத்தில் சேர்த்தது அது ஒன்றுதான். பயமாக இருக்கிறது.

ஜூன் 13

மதியம் கிளைக்காரம்மா போன். சண்டைக்குத்தான் என்று நினைத்து எடுத்தேன்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும். சிவப்பு நிஜமாவே இருந்துச்சா? எனக்கே இப்ப சந்தேகமா இருக்கு. அன்னிக்கு உங்களுக்கு மூணு தடவை போன் போட்டேன். சிவப்பைப் பாக்காம எதுக்கு போன் போட்டிருக்கப் போறேன்? கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா, டாக்டர்கிட்ட காட்டிரலாமான்னு இருக்கேன்."

மூன்று தடவை போட்டது உண்மை. அன்றைக்கு மதியமே கடையிலிருந்து வந்து, மழைக்கு இதமாக நான் இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தேன்.

"சில நேரம் சிஸ்டம் அப்படிக் காட்டும்" என்றேன்.

என்ன ஜென்மம் நான்? வேலையைப் பறித்தது போதாதென்று கண்ணையும் பறிக்கிறேனே. சாயங்காலம் கழுவிய டம்ளரையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

ஜூன் 14

சொல்லிவிடு.

நாளைக்கு.

இல்லை, வீட்டுக்காரரிடமாவது இன்றைக்கே. சொன்னேன். "நாலு நாளா வீட்டை அளந்துக்கிட்டு இருந்தியே, இதுக்குத்தானா?" என்றார். அப்புறம், "காலையில நீ சொல்றியா, நான் வந்து சொல்லட்டுமா?"

ஜூன் 15, சனி

பதிவை அச்சடித்து முதலாளி மேஜையில் வைத்தேன். போட்டது ஒரு வரி, எடுத்தது ஒரு வரி. படித்தார். திட்டுவார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். திட்டவில்லை.

"சரி, கிழிச்சுப் போடு. யார்கிட்டயும் சொல்லாத. உன் பேரு கெட்டா கடை பேரு கெட்ட மாதிரி. அவ புது ஆளு, வேற இடம் பாத்துக்குவா."

எழுதவே வெட்கம்: ஒரு நிமிஷம் நிம்மதியாக இருந்தது. சொல்லியாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை. கவுண்டருக்கு வந்து உட்கார்ந்தேன். உட்கார முடியவில்லை. ஒரு ஜெனரேட்டர்காரரைக் காக்க வைத்துவிட்டு எழுந்து போய் பஸ் ஏறினேன்.

கிளைக்காரம்மா சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தாள். தாளை எதிரில் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"அப்ப நான் பாத்தது இருந்துச்சு" என்றாள்.

"இருந்துச்சு."

"இதை நான் வச்சுக்கலாமா?"

நான்காக மடித்துப் பையில் வைத்தாள். திட்டுவாள், அழுவாள் என்று என்னென்னவோ நினைத்துக்கொண்டு போயிருந்தேன். "போனை எடுக்கலைன்னு அன்னிக்கு உங்களுக்கு என்னமோ ஆயிடுச்சோன்னு வேற பயந்தேன்" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 16

வெள்ளைச்சட்டைக்காரருக்குப் போன் செய்து சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "வாய் போதாதுன்னு கையும் பேச ஆரம்பிச்சிடுச்சாம்மா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். சுவர் விழுந்தது விழுந்ததுதான்.

ஜூன் 17

கிளைக்காரம்மா காலையிலேயே தாளோடு முதலாளி அறைக்குள் போனாள். கதவு திறந்துதான் இருந்தது. "வேலை இருந்தாலும் போனாலும் சரி சார். நான் பொய் சொல்லலைன்னு நீங்க ஒரு வாட்டி சொல்லிடுங்க." அவ்வளவுதான் பேசினாள். முதலாளி மூன்று தடவை இருமினார்.

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "சொல்லாதன்னு சொன்னேன்ல? இனிமே அவங்க இங்க உக்காரட்டும். நீ கிளைக்குப் போ. தாண்டற அனுமதியும் அவங்ககிட்டயே இருக்கட்டும்."

நியாயம்தான். ஆனால் நியாயம் என்று தெரிந்தால் மட்டும் அழுகை நின்றுவிடுமா? பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே வந்தேன்.

ஜூன் 25

கிளையில் மின்விசிறி தலைக்கு மேலே சுற்றுகிறது, காற்று வேறு எங்கேயோ போகிறது. ஒரு நாளைக்கு எட்டுப் பேர் வந்தால் அதிகம்.

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்து தூறல். பத்தரைக்கு ஒரு கொத்தனார் நனைந்துகொண்டே வந்து, சாரம் வேண்டும் என்றார். ஒல்லியான ஆள், ஐம்பது வயதிருக்கும். பெயரைத் தட்டினேன். சிவப்பு.

இப்போது எனக்குத் தாண்ட அனுமதியில்லை. யார் போட்டது என்று பார்க்கவும் முடியாது. "கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு அந்தம்மாவுக்குப் போன் செய்தேன். முதல் மணியிலேயே எடுத்தாள். பெயரைச் சொன்னேன். விசைகள் தட்டுகிற சத்தம் கேட்டது, அப்புறம் கேட்கவில்லை.

"இருக்கீங்களா?" என்றேன்.

"இருக்கேன். போன வருஷம் போட்டது." என்றாள். "போட்டது நீங்கதான்."

கொத்தனார் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நானும் அவரைப் பார்த்தேன். என்ன சண்டை, என்ன பேச்சு, எதை உடைத்தார்? ஒன்றுமே வரவில்லை. இதற்கு முன் இந்த ஆளைப் பார்த்த நினைவே இல்லை.

"ஏம்மா, குடுக்க மாட்டாங்களா? போன வாட்டியும் இப்படித்தான் திருப்பி அனுப்பிட்டாங்க. நான் என்ன தப்பு பண்ணேன்?"

போனைக் காதிலிருந்து எடுத்தேன்.

"நீங்க ஒண்ணும் பண்ணலைங்க" என்றேன். "நான்தான் போட்டேன். எதுக்குன்னு எனக்கே ஞாபகம் இல்ல."