எலாதியோ தட்டிய கம்பம்

வியாழன் மதியம்

எங்கள் மகள் அராமியின் ஞானத்தகப்பனும் நம் அணியின் பயிற்சியாளருமான கொம்பாத்ரே சிரிலோ அவர்களுக்கு நிமியா எழுதுவது.

வணக்கம். ஏரிக்கரை முகாமில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் குழந்தையும் இருக்கிறோம். அவளுக்குக் கீழே இரண்டாவது பல் முளைக்கிறது, கையில் கிடைப்பதையெல்லாம் கடிக்கிறாள். வெயில் தாங்கவில்லை. உதிர்ந்த மாம்பழங்களை அள்ள ஆளில்லாமல் தெருவே புளித்து நாறுகிறது.

ஆட்டத்துக்கு முந்தைய வாரம் மனைவிமார் முகாமுக்கு வரக்கூடாது, தொலைபேசியும் கூடாது என்ற உங்கள் சட்டம் எனக்குத் தெரியும். கடிதம் கூடாது என்று நீங்கள் சொன்னதில்லை. துவைத்த சட்டைகளை முகாமுக்கு எடுத்துப்போக வந்த காந்திதோவை வாசலில் நிறுத்தி, கையில் ஒரு சூடான சிபா ரொட்டியைக் கொடுத்துவிட்டு இதை எழுதுகிறேன். வாரத் தொடக்கத்திலேயே எழுதியிருக்க வேண்டும், பிந்திவிட்டது.

முதலில் ஒன்று. வீட்டில் நடப்பது எதையும் சங்கத்துக்குக் கொண்டுபோக மாட்டேன் என்று எலாதியோவுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். ஆகவே இதில் வீட்டு விஷயம் இருக்காது. அரங்கத்தில் தகரக் கூரைப் பக்கம் உட்கார்ந்து பார்க்கிற எந்த ரசிகைக்கும் தெரிகிறதைத்தான் எழுதுவேன். கேப்டனின் பெண்டாட்டி என்பதை மறந்துவிட்டுப் படியுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ரயில்வே அணியோடு டிரா செய்தாலே முதல் பிரிவில் தங்கிவிடுவோம். தோற்றால் இரண்டாம் பிரிவுக்கு இறங்கிவிடுவோம். என் வேண்டுகோள் ஒன்றுதான். அந்த ஆட்டத்தில் எலாதியோவை இறக்காதீர்கள்.

காரணம் அவருடைய ஃபார்ம். அக்டோபரில் மழையில் ஆடிய ஆட்டம் நினைவிருக்கும். கார்னரில் வந்த பந்துக்கு அவரும் நம் கோல்கீப்பரும் சேர்ந்து குதித்தார்கள், மண்டையோடு மண்டை மோதியது. காந்திதோ வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றினான், எலாதியோ எழுந்து ஆடினார், "கெட்டித் தலையன்! கெட்டித் தலையன்!" என்று அரங்கமே எழுந்து நின்று கத்தியது. நானும் கத்தினேன். அதற்குப் பிறகு நடந்த ஆட்டங்களைத்தான் நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

முன்பெல்லாம் பந்து எங்கே வரும் என்று எதிரணிக்காரன் யோசிப்பதற்குள் இவர் அங்கே காற்றில் இருப்பார். இப்போது பந்து வந்தபின் குதிக்கிறார். குதிக்கும்போது கண்ணை மூடிக்கொள்கிறார். இடப்பக்கத்திலிருந்து உயரமாக வரும் பந்தை ஒருமுறைகூடச் சுத்தமாக முட்டவில்லை. விளக்கு வெளிச்சத்தில் ஆடினால் கையை நெற்றிக்கு மேல் பிடித்துக்கொண்டு நிற்கிறார். கேப்டன் என்றால் கத்திக்கொண்டே இருக்க வேண்டும், அவர் வாயே திறப்பதில்லை.

ஊரில் என்ன பேசுகிறார்கள் தெரியுமா? இறைச்சிக்கடை ஹெனாரோ எலும்பை வெட்டிக்கொண்டே என்னிடம், "உன் புருஷன் அங்க போய் ஆட மெக்சிகோ சங்கத்துக்காரன்கிட்ட காசு வாங்கிட்டானாமே? காலு இங்க, மனசு அங்கன்னு ரேடியோவுல சொன்னான்" என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். "அவரு தலை எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரியாது ஹெனாரோ, நீங்க எடையை ஒழுங்கா போடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கறியை வைத்த இடம் மறந்து தேடினேன், அவ்வளவு பதற்றம்.

அடுத்து அந்தக் கம்பம். ஒவ்வொரு பாதி தொடங்கும்போதும் எலாதியோ நம் கோல் கம்பத்தை உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார், ஊருக்கே தெரிந்த பழக்கம். போன ஞாயிறு இடைவேளைக்குப் பிறகு நேராக எதிரணியின் கோல் பக்கம் போய் அவர்களுடைய கம்பத்தைத் தட்டினார். சாபம் போடுகிறார் என்று ஊர் நினைத்தது. அப்படியொரு சிரிப்பு, அப்படியொரு கைதட்டல். நீங்களும் ஓரக்கோட்டில் நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள், பார்த்தேன். இப்போது தெருப் பிள்ளைகள் வேண்டாதவன் வீட்டு கேட்டைத் தட்டிவிட்டு ஓடுகிறார்கள். நான் சிரிக்கவில்லை கொம்பாத்ரே. ஏன் என்று எழுத எனக்கு அனுமதியில்லை.

அவருக்குப் பதில் தெயோபிலோவை இறக்குங்கள். தொந்தி இருக்கிறது, ஓடினால் மூச்சு வாங்குகிறது, எல்லாம் சரி. ஆனால் எங்கே நிற்பது என்று தெரிந்தவர். டிராவுக்கு ஆட அது போதும். வலப்பக்கம் வேகமான பையன் ஒருவனைத் துணைக்கு விடுங்கள்.

தங்கள் உடல்நலத்துக்கும் வெற்றிக்கும் காக்குபே மாதாவை வேண்டிக்கொள்ளும்,
தகரக் கூரை ரசிகை,
நிமியா


சனி காலை

கொம்பாத்ரே அவர்களுக்கு,

இதை மட்டும் தனியாக உட்கார்ந்து படியுங்கள். மேசையில் வேண்டாம்.

நேற்று காந்திதோ பூட்ஸ் எடுத்துப்போக வந்தபோது உங்கள் பதிலைச் சொன்னான். "கொமாத்ரேகிட்ட சொல்லு, பால் பாட்டிலை அவங்க பாத்துக்கட்டும், பதினோரு பேரை நான் பாத்துக்கிறேன்" என்றீர்களாம். பரவாயில்லை, இதைவிடக் கடுமையாக ஹெனாரோவிடமே கேட்டுவிட்டேன். ஆனால் என் கடிதத்தைச் சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்பும் உரக்கப் படித்தீர்களாமே? தெயோபிலோவின் தொந்தி வந்த இடத்தில் அவரே எழுந்து வணக்கம் வைத்தாராம், தட்டெல்லாம் அதிர்ந்ததாம். எலாதியோ மட்டும் சிரிக்கவில்லை என்றான் காந்திதோ. சிரிக்காமல் ரொட்டியைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, காந்திதோ இங்கே வர பஸ் ஏறும்போது அவனிடம், "அவகிட்ட போய் சொல்லு, வீட்டு விஷயம் வீட்டோட இருக்கணும்" என்றாராம்.

ராத்திரி முழுக்க அந்த வாக்கியத்தோடுதான் இருந்தேன். விடிந்ததும் வாக்கை மீறுவது என்று முடிவு செய்துவிட்டேன். அவர் என்னை மன்னிக்காமல் போகலாம்.

அராமிக்குத் தலை நின்றதிலிருந்து அவர் வீட்டுக்குள் நுழைந்ததும் செய்கிற முதல் வேலை அவளைக் கூரை வரை தூக்கிப் போட்டுப் பிடிப்பது. நான் கத்துவேன், அவள் சிரிப்பாள், அவர் இன்னும் உயரமாகப் போடுவார். அந்த மழை ஆட்டத்துக்குப் பிறகு அவர் ஒருமுறைகூட நின்றுகொண்டு அவளைத் தூக்கவில்லை. சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்துகொண்டு, "இப்ப குடு" என்கிறார். ஏன் என்று கேட்டால் கை வேர்க்கிறதாம். ஒருநாள் குழந்தை அழுகிறாளே என்று தொட்டிலிலிருந்து எடுத்தவர் அப்படியே அசைந்தார், கொம்பாத்ரே. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, குழந்தையை மார்போடு அழுத்தியபடி, மெதுவாகச் சரிந்து உட்கார்ந்தார். முகம் சுண்ணாம்பாக இருந்தது. "யார்கிட்டயும் சொல்லாத. கேப்டன் பட்டை போயிடும். குழந்தை மேல சத்தியம் பண்ணு" என்றார். பண்ணினேன். அதைத்தான் இப்போது மீறுகிறேன்.

வாந்தி எடுக்கிறார். ஜன்னலைப் போர்வையால் மூடிக்கொண்டு படுக்கிறார். ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார். சங்கத்து டாக்டரிடம் ஒன்றும் சொல்லவில்லை, நல்லா இருக்கேன் என்று சிரித்துவிட்டு வந்துவிட்டார். நான் படித்தது உயிரியல், வைத்தியம் அல்ல. ஆனாலும் தலைக்குள் ஆறாத அடியின் மேல் இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று படித்திருக்கிறேன். தெரியாமலே இருந்திருக்கலாம்.

போன ஞாயிறு ஆட்டம் முடிந்து வந்தார். சட்டையைக்கூடக் கழற்றவில்லை. என்னிடம், "நிமியா, ரெண்டாவது பாதியில எல்லாரும் எதுக்கு அப்படி சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

என்னை நம்ப வேண்டாம். நான் பதறுகிறவள், பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோதே நீங்கள் கேலி செய்திருக்கிறீர்கள். அவரையே கேளுங்கள். தனியாகக் கூட்டிப்போய், போன ஞாயிறு எந்தக் கம்பத்தைத் தட்டினாய் என்று மட்டும் கேளுங்கள். அவர் சரியாகச் சொன்னால் நாளை அவரை இறக்குங்கள், நானே முதல் ஆளாகக் கைதட்டுகிறேன்.

அவர் நாளை தலையால் முட்டாத பந்துக்காக ஊர் என்னைத் திட்டட்டும். முட்டிய பந்துக்காக நான் அழ வேண்டாம்.

அராமியை ஞானஸ்நானத் தொட்டியருகே கையில் ஏந்தி நின்றவர் நீங்கள். அவளுக்குத் தகப்பன் வேண்டும்.

நிமியா


டிசம்பர், காக்குபே திருநாள் முடிந்த வாரம்

மரியாதைக்குரிய கொம்பாத்ரே அவர்களுக்கு,

நீங்கள் என்கார்னசியோனில் தங்கை வீட்டில் இருப்பதாகக் காந்திதோ சொன்னான். உங்களைச் சங்கத்திலிருந்து நீக்கியதையும் அவன்தான் சொன்னான். சொல்லும்போது அழுதுவிட்டான். உங்கள் வீட்டுச் சுவரில் தாரால் எழுதியிருந்ததை அவனும் தெயோபிலோவும் ராவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். என்ன எழுதியிருந்தது என்று கேட்காதீர்கள்.

அன்று நான் அரங்கத்துக்குப் போகவில்லை. அடுக்களையில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரேடியோக்காரன் அணியை வாசித்தான். ஒன்றாம் எண் வந்தது. இரண்டாம் எண்ணுக்குப் பிறகு கொஞ்சம் நிறுத்தி, தாளைச் சரிபார்த்து, தெயோபிலோ என்றான். நான் அராமியைக் கட்டிக்கொண்டு அழுதேன், பயந்துபோய் அவளும் அழுதாள்.

ரசிகையாக ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கடைசிக் கார்னரில் தெயோபிலோ ஓரடி முன்னே நின்றுவிட்டார், கோல் விழுந்தது, தோற்றோம். பழைய எலாதியோ இருந்திருந்தால் அந்தப் பந்து மைதானத்துக்கு வெளியே ஆற்றுப் பக்கம் போயிருக்கும். கெட்டித் தலையன் ஆடியிருந்தால் இறங்கியிருக்க மாட்டோம் என்று ஊர் சொல்கிறது. பழைய ஆளை நினைத்துக்கொண்டு சொல்கிறார்கள். அன்று பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆளை அவர்களுக்குத் தெரியாது.

அதை நீங்கள் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ரேடியோக்காரன் மைக்கை நீட்டி விரட்டிவிரட்டிக் கேட்டபோது, "என் முடிவு. என் இஷ்டம். தப்புன்னா என்னைத் திட்டுங்க" என்று மட்டும் சொன்னீர்கள். சனிக்கிழமை ஏரிக்கரையில் நடந்ததைக் காந்திதோ எனக்குச் சொல்லிவிட்டான். நீங்கள் கேட்டதற்கு எலாதியோ சிரித்துக்கொண்டே, "நம்ம கம்பம்தான் கொம்பாத்ரே, வேற எதைத் தட்டுவேன்?" என்றாராம். நீங்கள் ஏரியில் இறங்கி முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தீர்களாம்.

தலைநகரில் பெரிய டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இனி பந்து கூடாது என்றார். இன்னொரு மோதல் நடந்திருந்தால், என்று தொடங்கினார். குழந்தையைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். ஓய்வெடுத்தால் தலைவலியும் மறதியும் குறையும், ஆனால் நாளாகும் என்கிறார். நேற்று காலை எலாதியோ, "யார் ஜெயிச்சா?" என்று கேட்டார். சொன்னேன். மத்தியானம் அதையே மறுபடி கேட்டார், மறுபடியும் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் அவருக்கு அது புதிதாக வலிக்கிறது.

ஆனால் நான் உங்களுக்குக் கடிதம் எழுதியதை மட்டும் மறக்கவில்லை. என்னோடு பேச்சில்லை. சாயங்காலம் நான் தெரெரே இலைத்தண்ணீரைக் குளிரக் குளிர ஊற்றி நீட்டினால் என் கையிலிருந்து குவளையை வாங்குவதில்லை. நான் கீழே வைத்துவிட்டு அடுக்களைக்குப் போன பிறகு எடுத்துக் குடிக்கிறார். ஊராரிடம் உண்மையைச் சொல்லட்டுமா, சிரிலோ பழி சுமக்கிறாரே என்று கேட்டேன். அன்று முழுக்க அவர் சாப்பிடவில்லை.

ஜனவரி கடைசியில் அராமிக்கு ஒரு வயது நிறைகிறது. வாசலில் மேசை போட்டு, தெரு பார்க்கத்தான் கொண்டாடப் போகிறேன். ஞானத்தகப்பன் நாற்காலி காலியாக இருக்கக்கூடாது. ஹெனாரோ வந்து ஏதாவது சொன்னால் அவருக்கு நான் இருக்கிறேன்.

தெரெரேவுக்குக் குவளை ஒன்றுதான் வைப்பேன். நம் வழக்கப்படி அது கைமாறித்தான் வரும். அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். என் கையிலிருந்து வாங்காதவர் உங்கள் கையிலிருந்து வாங்குவாரா, தெரியாது. நீங்கள் வந்து நீட்டுங்கள்.

உங்களுக்கு நல்ல உடம்பையும் நல்ல அணியையும் அந்த மாதா கொடுக்கட்டும். உங்கள் ஞானமகள் இப்போது எதையாவது பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பழகுகிறாள். பெரும்பாலும் தரையில் உட்கார்ந்திருக்கும் அவளுடைய அப்பாவின் தோளைத்தான் பிடித்துக்கொள்கிறாள்.

வாருங்கள்.

என்றும் உங்கள் கொமாத்ரே,
நிமியா