கடைசி ஸ்பானரில் என் எழுத்து

திங்கள், ஐப்பசி 4

விடியலிலிருந்து தூறல். கரி மூட்டை நனைந்துவிட்டது. பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடும் குரும்பலூர் பஸ்ஸின் அடுப்பைப் பற்றவைப்பதற்குள் போதும் போதுமென்று ஆகிவிட்டது. ஏறி உட்கார்ந்தவர்கள் எல்லாம் என்னையே முறைத்தார்கள். யுத்தத்தைத் தொடங்கியதும் நான்தான், பெட்ரோலைக் குடித்துத் தீர்த்ததும் நான்தான் என்கிற மாதிரி.

மத்தியானம் பின் சக்கரத்து நட்டு ஒன்று இறுகிக் கிடந்தது. என் சீமை ஸ்பானரை மாட்டினேன். அசையவில்லை. மண்ணெண்ணெய் விட்டுக் கொஞ்சம் பொறுத்திருக்கலாம். பக்கத்தில் டிரைவர் கோவிந்தன். "என்னா மேஸ்திரி, சீமைச் சரக்கும் மொரண்டு பண்ணுதா?" ரோஷம் வந்துவிட்டது. ஸ்பானர் பிடியில் இரும்புக் குழாய்த் துண்டைச் செருகி, அதன்மேல் ஏறி நின்று மிதித்தேன். நட்டு கழன்றது. ஸ்பானரின் வாயும் பிளந்தது.

கோவிந்தன் அதற்குள் பீடி வாங்கப் போயிருந்தான். யாரும் பார்க்கவில்லை.

திருச்சியில் பாய் கடையில் கியாரண்டியோடு வாங்கியது. சாதாரணமாக வேலை செய்யும்போது உடைந்தால் பழையதைக் கொடுத்துவிட்டுப் புதியது எடுத்துக்கொள்ளலாம். சுத்தியலாக அடித்தாலோ, பிடியில் பைப்பு போட்டாலோ கிடையாது. பாய் விரலை ஆட்டி ஆட்டிச் சொல்லித்தான் கொடுத்தார்.

சாயங்காலம் பிடியில் பைப்பு கடித்த தடத்தை எமரித்தாள் வைத்துத் தேய்த்தேன். போய்விட்டது.

வீட்டில் என் மனைவி தங்கத்துக்கு இருமல். திருச்சியில் சுக்கு வாங்க வேண்டும்.


புதன்

திருச்சி. மழை இல்லை, புழுக்கம். வாங்கியவை: சுக்கு, விளக்குத் திரி, பெல்ட்டுக்கு ஊக்கு.

பாய் ஸ்பானரை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பைப்பு கிய்ப்பு போட்டீங்களா மேஸ்திரி?"

"இல்லீங்க பாய்."

அவ்வளவுதான் கேட்டார். பரணிலிருந்து காகிதம் சுற்றியதை எடுத்து, தூசி தட்டி என் கையில் வைத்தார். "கடைசி உருப்படி. கப்பல் வரத்து நின்னுபோச்சு. அல்லா மனசு வச்சு சண்டை முடிஞ்சாத்தான் அடுத்தது. முத்திரை இருக்குற பக்கத்துல அரம் கிரம் போட்டுடாதீங்க. முத்திரை போனா கியாரண்டியும் போச்சு."

ஒரு பொய். பல் விளக்குகிற மாதிரி சுலபமாக வந்தது.

ஷெட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக எழுத்து உளியால் முத்திரைக்குப் பக்கத்தில் என் பெயரின் முதலெழுத்து 'மு'வை அடித்தேன். எல்லாருடைய ஆயுதமும் ஒரே இடத்தில் கிடக்கிற தொழில். எழுத்து இல்லாத ஸ்பானர் பொழுது போவதற்குள் வேறொருத்தன் பெட்டியில் இருக்கும். ஆழமாகவே அடித்தேன். நன்றாக விழுந்தது. சந்தோஷமாக இருந்தது, மறைப்பானேன்.


சனி

வெயில். கரி காய்ந்தது.

அரியலூர் பஸ்ஸில் ஆரோக்கியசாமி வந்தான். அங்கே ஷெட்டில் மெக்கானிக். சொந்த ஊர் வரதராஜன்பேட்டை. இவனைச் சீமை ஸ்பானர் வாங்க வைத்ததே நான்தான். ஜெயங்கொண்டம் சந்தையில் வாங்கிய ஒன்றை வைத்துக்கொண்டு காலம் தள்ளிக்கொண்டிருந்தான். அது இரண்டு மாதத்தில் வாயைப் பிளக்கும், நட்டின் மூலையை எல்லாம் தின்னும். "கொல்லன் கரண்டிடா அது, கொழம்பு ஊத்தத்தான் ஆவும்" என்று நாலு பேர் முன்னால் சிரித்தேன். பையன், தான் வளர்த்த ஆட்டை விற்று என்னுடையதைப் போலவே ஒன்று வாங்கினான்.

அது உடைந்துவிட்டதாம்.

"சின்ன நட்டுதாண்ணே. கைய வச்சேன், பட்டுன்னு போயிடுச்சி. உள்ளாற பாத்தா பழைய வெடிப்பு, கறுப்பா. இரும்ப வார்க்கும்போதே இருந்துருக்கு. நேத்து திருச்சிக்கு ஓடுனேன். பாய் பாத்துட்டு, ஒம் மேல குத்தமில்ல, குடுக்க வேண்டியதுதான், ஆனா கடைசி ஒண்ணு பெரம்பலூர் மேஸ்திரிக்குப் போயிடுச்சேன்னு வருத்தப்பட்டாரு."

நான் வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டே இருந்தேன்.

"அண்ணனுக்காவது கெடைச்சிச்சே," என்றான். வஞ்சகம் இல்லாமல் சொன்னான். அதுதான் கஷ்டம்.

திரும்பவும் சந்தை ஸ்பானர்தான் வாங்கியிருக்கிறான். காட்டினான். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். இது இரண்டாவது பொய்.


திங்கள்

மழை. வேலை: குரும்பலூர் வண்டி பிரேக், கரி வடிகட்டி சுத்தம், முன் விளக்கு. விளக்கு எரியவில்லை.

கோவிந்தன் அரியலூர் போய்விட்டு வந்தான். "ஒங்க சிஷ்யன் கத தெரியுமா? விக்கிரமங்கலத்துல வண்டி நின்னுபோச்சு. சந்தை ஸ்பானரு வழுக்கி நட்டையெல்லாம் மொட்டையாக்கிட்டான். வெரல் மொளியெல்லாம் தோலு உரிஞ்சு ரத்தம். சனங்க நடந்தே போயிடுச்சுங்க. மொதலாளி குதிக்கிறாரு. ஒழுங்கான ஆயுதத்தோட வந்தா வா, இல்லன்னா வெள்ளிக்கிழமையோட நின்னுக்கன்னுட்டாரு."

"அவன் என்ன பண்ணுவான்?" என்றேன்.

"என்னா பண்ணுவான். கொத்து வேலைக்குப் போவான்."

நல்ல மெக்கானிக். என்னைவிடப் பொறுமைசாலி. இறுகின நட்டுக்கு மண்ணெண்ணெய் விட்டுவிட்டு, ஜெபம் சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். நான் கேலி செய்வேன்.

பாதிச் சோற்றோடு எழுந்துவிட்டேன். கத்தரிக்காய் கசக்கிறது என்று தங்கத்திடம் சொன்னேன். கத்தரிக்காயில் ஒன்றுமில்லை.


புதன்

வானம் மூடாக்கு. வேலை குறைவு.

ஒரு வழி தோன்றியது. பாய் கடையில் இன்னொன்று அகப்பட்டதென்று சொல்லி இதை அவனிடம் கொடுத்துவிடலாம். அவனுக்கு வேலை தங்கும், என் மானமும் தங்கும். அதற்கு இந்த 'மு' போக வேண்டும். அரத்தை எடுத்துக்கொண்டு வீட்டு வாசலில் உட்கார்ந்தேன். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு நிறுத்தினேன். எழுத்து ஆழம். அது போகும் அளவுக்குத் தேய்த்தால் முத்திரையும் போகும். அவனுக்காவது கியாரண்டி மிஞ்ச வேண்டாமா.

தங்கம் பார்த்துவிட்டாள். "புதுசைப் போய் எதுக்குத் தேய்க்கிறீங்க?"

சொன்னேன். பைப்பு, எமரித்தாள், பாய், எல்லாம். அவள் முறத்தைக் கீழே வைக்கவில்லை. அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"அன்னிக்கு அந்தத் தம்பி எதிர்லயே நின்னுச்சே. அப்பவே எடுத்துக் குடுத்துருக்கலாமுல்ல?"

பைப்பு போட்டது அவசரம். பாயிடம் சொன்னது பயம். சனிக்கிழமை வாயை மூடிக்கொண்டு கை கழுவினது என்ன? இத்தனை வயதில் என்னைப் பற்றி இவ்வளவு மட்டமாக நான் நினைத்ததில்லை.

"நாளான்னிக்கிப் போயி குடுத்துட்டு வாங்க. உள்ளதச் சொல்லிக் குடுங்க," என்றாள்.

சரி என்றேன்.


வெள்ளி

அரியலூர். காலையில் மழை, பிறகு வெளுத்தது. பஸ்ஸில் போகும்போதே சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். தம்பி, நான் பைப்பு போட்டு உடைச்சேன். பாய்கிட்ட பொய் சொன்னேன். இது உனக்கு வர வேண்டியது. மூன்று வாக்கியம். கஷ்டம் ஒன்றுமில்லை.

ஷெட்டில் முதலாளி, கிளீனர்கள், எல்லாரும் இருந்தார்கள். ஆரோக்கியசாமி துணி சுற்றின கையோடு சாமான்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். வீட்டுக்குக் கிளம்புகிறவன் அடுக்குகிற மாதிரி.

ஸ்பானரை அவன் கையில் வைத்தேன்.

"ஒங்க எழுத்து இருக்கேண்ணே."

"ஆமா. வச்சுக்க."

"அப்ப ஒங்களுக்கு?"

"சந்தையில வாங்கிக்கிறேன்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். முதலாளி வாங்கிப் பார்த்தார், முத்திரையைத் தடவினார். "பாத்துக்கங்கடா. தொழில்காரன்னா இப்புடி இருக்கணும்." யாரோ எனக்கு நாற்காலி போட்டார்கள். ஒரு கிளீனர் காப்பி வாங்க ஓடினான். நாற்காலியில் உட்கார்ந்தேன். மூன்று வாக்கியத்தில் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

"என் எழுத்து மேலயே ஒன்னோடத அடிச்சு அழிச்சுடு," என்றேன். என் பெயராவது அதிலிருந்து போகட்டும் என்று.

"அழிக்கிறதாவது. யாரு குடுத்ததுன்னு நாலு பேருக்குத் தெரியணும்ணே." எழுத்து உளியை எடுத்து, என் 'மு'வுக்குப் பக்கத்தில் தன் 'ஆ'வை மெதுவாக அடித்தான்.

என்னை பஸ் ஏற்றிவிட வந்தான். கூட யாரும் இல்லை. டிரைவர் ஹாரன் அடிக்கிறான். இப்போது இல்லாவிட்டால் எப்போதும் இல்லை என்று தெரிந்தது.

"தம்பி, நான் பைப்பு..."

"என்னாண்ணே?"

முகத்தைப் பார்த்தேன். அப்படியொரு முகம்.

"பைப்பு போட்டுடாத அதுல. கியாரண்டி கெடைக்காது."

"சே, நான் போடுவனாண்ணே," என்றான்.