வரிப் படிவத்தில் சிவகாமி

3.2.2009, செவ்வாய்

காலையில் கடும் பனி. கோபுரமே தெரியவில்லை. மாவு புளிக்கவில்லை, இட்லி கல். அவர் நாலு சாப்பிட்டுவிட்டுக் கடலூர் பஸ்ஸுக்குப் போனார்.

சாயந்திரம் ஆபீசிலிருந்து வருமான வரிப் படிவத்தோடு வந்தார். 25-க்குள் கொடுக்க வேண்டுமாம். பிப்ரவரி சம்பளத்தில் மொத்தமாகப் பிடித்துவிடுவார்கள். போன வருஷம் பிடித்த மாதம் பாலை அரை லிட்டராகக் குறைத்தேன், மறக்கவில்லை.

இதில் சிவகாமியை எழுதுவீர்களா என்று கேட்டேன். ஊனமுள்ள பிள்ளையைப் பராமரிக்கும் தகப்பனுக்கு வரியில் கழிவு உண்டு என்று எப்போதோ ஒரு வாரப் பத்திரிகையில் படித்து, வெட்டி வைத்திருக்கிறேன். எழுதவில்லை என்றார். போன வருஷமே ஆபீசில் சம்பளப் பட்டியல் போடும் மெஹருன்னிசாவிடம் கேட்டாராம். "பொண்ணுக்கு கவர்மெண்ட்டு மாசா மாசம் உதவித்தொகை குடுக்குதுல்ல சார், அப்ப உங்கள நம்பி இருக்கறதா காட்ட முடியாது" என்று சொல்லிவிட்டாராம் அந்தம்மா.

மணியார்டரில் வருவது மாத்திரைக்கும் தேய்க்கிற எண்ணெய்க்கும் சரி. காலுக்குப் போடுகிற காலிப்பர் போன வருஷமே சிறியதாகிவிட்டது. முட்டிக்குக் கீழே வார் அழுத்தி அழுத்திக் கருத்துக் கிடக்கிறது. இந்தக் கழிவு கிடைத்தால் வரி ஐயாயிரம் போல மிஞ்சும். புதுக் காலிப்பர் வாங்கலாம்.

அவர் சொல்லாத காரணம் ஒன்று உண்டு. மெஹருன்னிசாவைத் தவிர ஆபீசில் ஒருவருக்கும் இவளைப் பற்றித் தெரியாது. "ஒரே பொண்ணு, வீட்ல இருக்கா." பதினெட்டு வருஷமாக அவ்வளவுதான். கெட்ட எண்ணம் கிடையாது. யாராவது 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு இறங்காது.

நாளை: துவரம் பருப்பு, திரி நூல். சட்டம் என்ன சொல்கிறது என்று யாரிடம் கேட்பது?

5.2, வியாழன்

யாரிடமும் கேட்க வேண்டாம். நேற்று அவரை நச்சரித்து வரிச் சுற்றறிக்கையை ஆபீசிலிருந்து வாங்கிவரச் சொன்னேன். நாற்பது பக்கம், எல்லாம் இங்கிலீஷ். நான் எட்டாவதோடு நின்றவள். சி.க்கு இங்கிலீஷ் எழுத்துச் சொல்லிக்கொடுக்கப் போய், அவளோடு சேர்ந்து நானும் எழுத்துக் கூட்டக் கற்றதுதான். அட்டை போன அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நேற்று ராத்திரி, இன்று மத்தியானம். ரசம் இரண்டு வேளையும் பொங்கி வழிந்தது.

கண்டுபிடித்தது:
– பிள்ளை தகப்பனை முழுவதுமோ, பெரும்பாலுமோ நம்பியிருந்தால் போதும். 'பெரும்பாலும்' என்றே போட்டிருக்கிறான்.
– பிள்ளை தன் பேரில் தானே கழிவு கேட்டிருக்கக் கூடாது. இவள் எங்கே கேட்டாள்.
– உதவித்தொகை வாங்கினால் கிடையாது என்று எங்கேயும் இல்லை. மூன்று முறை தேடினேன்.
– ஊனம் நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் என்றால் பெரிய கழிவு. நாற்பதிலிருந்து எண்பதுக்குள் சின்னது.
– சான்றிதழ் காலாவதி ஆகியிருக்கக் கூடாது.

கடைசியில்தான் இடி. சி.யின் சான்றிதழ் ஒன்பது வயதில் வாங்கியது. 85 என்று போட்டு, பதினெட்டு வயதில் மறுபடி பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறது. கார்த்திகையில் பதினெட்டு முடிந்துவிட்டது. டாக்டரிடம் புதிதாக வாங்கியாக வேண்டும்.

இதையெல்லாம் தமிழில் ஒரு தாளில் எழுதி, மெஹருன்னிசாவிடம் கொடுங்கள் என்று அவர் சட்டைப் பையில் வைத்தேன். "அந்தம்மா இருவது வருசமா பட்டியல் போடுது, அதுக்கு நீ பாடம் எடுக்கறியா" என்றார். ஆனால் தாளை வெளியே எடுக்கவில்லை.

7.2, சனி

பிரதோஷம். கூட்டத்தில் நந்தி தெரியவில்லை, சங்கு மட்டும் கேட்டது. போதும்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். சிவகாமி இன்று சுவரைத் தொடாமல் பதினொரு அடி நடந்தாள். கட்டிலிலிருந்து சமையல்கட்டு வாசல் வரை.

ஆடியில் ஆரம்பித்தது. நான் பாத்திரம் தேய்த்து முடிக்கிற பதினொரு மணிக்குத் தினமும் எழுந்து நிற்பாள். காலைப் பார்க்க மாட்டாள், எதிர்ச் சுவரில் காலண்டரைப் பார்ப்பாள். இடது காலை வைத்து, வலதை இழுத்து, நின்று எச்சிலை விழுங்கி, அப்புறம் அடுத்தது. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணுவாள். 'ஏழு' என்று சொல்வதற்கே ஏழு அடிக்கான நேரம் ஆகும். விழுந்தால் நான் தூக்கக் கூடாது. நடந்தால் கை தட்டக் கூடாது. தட்டினால் கோபம் வருகிறது. "நான் என்னா கொழந்தையா?"

இந்தப் பிடிவாதம் எனக்குக் கிடையாது. அவருக்கும் கிடையாது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. ஆறு மாதத்தில் ஒரு நாள்கூட 'நாளைக்கு' என்று அவள் சொல்லிக் கேட்டதில்லை. நான் விரதத்தைக்கூட ஒத்தி வைத்திருக்கிறேன்.

அப்பாவிடம் சொல்லக் கூடாதாம். திரும்பி வரவும் பழகின பிறகு அவளே காட்டுவாளாம். சரி என்றேன்.

9.2, திங்கள்

தாள் திரும்பி வந்தது. என் எழுத்துக்குக் கீழே சிவப்பு மையில்: 'கருவூலத்தில் கேட்டேன். அக்கா எழுதியதுதான் சரி. என் தவறு. புதுச் சான்றிதழ் மட்டும் கொண்டு வரவும். – மெ.'

வாயால் சொன்னால் பக்கத்து மேஜைக்குக் கேட்கும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். என் வீட்டுக்காரர் மனசு தெரிந்து செய்திருக்கிறார். எத்தனையோ ஆபீஸ் வாசலில் இந்தப் பெண்ணை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். தன் தவறு என்று யாரும் எனக்குக் கைப்பட எழுதிக் கொடுத்ததில்லை. தாளை இந்தப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன். நான் பார்த்திராத அந்தப் பெண்மணி பேரைச் சொல்லி ஒரு நெய் விளக்கு. அவர் மதம் வேறு, ஆனால் சுவாமிக்குத் தெரியும்.

12.2, வியாழன்

வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. பச்சை மிளகாய் விலை கேட்டுவிட்டு வாங்காமல் வந்தேன்.

கடலூர் செம்மண்டலத்திலிருந்து வசந்தா போன். அவருடைய தங்கை. செவ்வாய்க்கிழமை கடலூர் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சி.யைக் கூட்டிப்போக அவள்தான் துணை. ஆள் நல்லவள். எங்களுக்காக எத்தனை முறை ஓ.பி. சீட்டுக்கு வரிசையில் நின்றிருக்கிறாள். எண்பது கணக்கையும் சி.யின் பதினொரு அடியையும் அவளிடம் சொன்னேன்.

"என்னா அண்ணி, ஒண்ணும் தெரியாத ஆளா இருக்கறீங்க. டாக்டர் ரூம்ல அத எறங்கி நடக்க வுடாதீங்க. தூக்கிக்கினே போயி தூக்கிக்கினே வந்துடலாம். எம்பதுக்கு மேல இருந்தாதான பெரிய கழிவு?"

வைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். பெரியதுக்கும் சின்னதுக்கும் வித்தியாசம், வரியில் இரண்டாயிரத்து ஐந்நூறு. சி.க்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்க வரும் டீச்சருக்கு இரண்டு மாதச் சம்பளம்.

பொய் சொல்லப் போவதில்லை, நடக்காமல் இருப்பது பொய்யா என்று எனக்குள்ளேயே வாதாடிக்கொண்டு புளியை இரண்டு தரம் கரைத்தேன்.

17.2, செவ்வாய்

எழுதத்தான் வேண்டும். எனக்காக.

ஆறரை பஸ். கண்டக்டர் நல்ல மனிதர், முன் சீட்டைக் காலி செய்து கொடுத்தார். சி. பச்சைப் பாவாடை தாவணி, தலை நிறையக் கனகாம்பரம். டாக்டரிடம் நடந்து காட்டப் போகிறேன் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டியதும் நான் சொல்லிவிட்டேன். அங்க நடக்க வேண்டாம்மா, கால் வலிக்கும், உட்கார்ந்தே இரு. ஏன் என்று கேட்டாள். அப்புறம் சொல்கிறேன் என்றேன். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் வசந்தா முன்னதாகவே வந்து இடம் பிடித்திருந்தாள். பதினொரு மணிக்குக் கூப்பிட்டார்கள். நானும் அவளுமாகத் தூக்கிக்கொண்டு போய் நாற்காலியில் வைத்தோம். டாக்டர் சின்ன வயதுப் பெண், ஜலதோஷம், கையில் கைக்குட்டை. கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். சுத்தியால் முட்டியில் தட்டினார். பேர், ஊர், கிழமை கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியாகச் சொன்னாள், மெதுவாக. அப்புறம் நடப்பாளா என்று என்னைக் கேட்டார்.

நான் பழைய சான்றிதழைத் தேடுகிற மாதிரி பைக்குள் குனிந்தேன். வசந்தா மின்விசிறியைப் பார்த்தாள்.

"நடப்பேன்," என்றாள் சிவகாமி. "அம்மாதான் நடக்க வாணாம்னு சொல்லிச்சு."

அந்த அறையில் மேஜைக்கடியில் இடம் இருந்தால் போய் உட்கார்ந்திருப்பேன். டாக்டர் என்னைப் பார்க்கவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எனக்குக் காட்டும்மா" என்றார்.

எழுந்தாள். பார்க்கக் காலண்டர் இல்லை. எடை மிஷினைப் பார்த்துக்கொண்டாள். ஒன்று. இரண்டு. நின்று விழுங்கினாள். நாலில் தாவணி காலில் மாட்டியது. குனியாமல் அப்படியே நின்று, கையால் இழுத்துவிட்டு, ஐந்து. டாக்டர் எழுந்துவந்து வழியிலிருந்த முக்காலியை மட்டும் நகர்த்தினார். கையைப் பிடிக்கவில்லை, 'பார்த்து' என்றுகூடச் சொல்லவில்லை. ஒன்பதில் எடை மிஷின். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். திரும்பினாள். வீட்டில் ஒரு தடவைகூடத் திரும்பி வந்ததில்லை. பதினெட்டில் நாற்காலி.

யார் சொல்லிக்கொடுத்தது என்று டாக்டர் கேட்டதற்கு, "நானே" என்றாள். உண்மை. எண்ணெய் தேய்த்தவள் நான், நடந்தவள் அவள்.

அப்புறம் நானே டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வரிப் படிவம், எண்பது, இரண்டாயிரத்து ஐந்நூறு, எல்லாவற்றையும். திட்டுவார் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பேனாவை மூடித் திறந்தார்.

"எண்பது போட முடியாதும்மா. போட்டா, நான் இப்ப பாத்தத பாக்கலன்னு ஆயிடும்."

75 என்று எழுதினார். அதன் கீழே ஒரு வரி. வெளியே வந்து எழுத்துக் கூட்டிப் படித்தேன்: பிறர் துணையின்றிக் குறைந்த தூரம் நடக்கிறார், திரும்புகிறார்.

வசந்தா வீட்டில் சாப்பாடு. அவள் சி.க்கு மீன் முள் எடுத்துக் கொடுத்துக்கொண்டே, "உங்கம்மாவ மாட்டி வுட்டுட்டியேடி" என்றாள். சி. சிரித்துச் சிரித்துப் புரையேறியது. நான் அவளிடம், நான் சொன்னது தப்பு என்றேன். "ம்" என்றாள். இன்னொரு துண்டு மீன் கேட்டாள்.

19.2, வியாழன்

சான்றிதழை முந்தாநாளும் நேற்றும் அவரிடம் கொடுக்கவில்லை. அசதியாக வந்தார், சாப்பிட்டார், படுத்தார். இன்று விடிந்ததும் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு சதவீதத்தைப் பார்த்தார், பத்து குறைந்துவிட்டதே என்று உதட்டைப் பிதுக்கினார். கீழ் வரியைப் படித்தார். மறுபடி படித்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

கட்டிலிலிருந்து குரல்: "அப்பாகிட்ட சொல்லாதன்னு சொன்னன்ல?"

நான் சொல்லவில்லை, டாக்டர் எழுதிவிட்டார் என்றேன்.

அப்புறம் என்ன, நடந்து காட்டினாள். அவர் சமையல்கட்டு வாசலில் நின்றார். அவள் மூன்றாவது அடியில் கொஞ்சம் சாய்ந்தபோது அவர் கை தானாக முன்னால் வந்தது. கை தட்டவும் கூடாது, தூக்கவும் கூடாது என்று நான் கண் ஜாடை காட்டினேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் இன்னொரு கையால் பிடித்துக்கொண்டார். பதினொன்று. அவர் சட்டைப் பித்தானைத் தொட்டாள். திரும்பிப் போனாள்.

குளிக்கப் போனவர் வெகு நேரம் வரவில்லை. தண்ணீர் ஊற்றுகிற சத்தமும் இல்லை. பஸ்ஸை விட்டார். வேலைக்குச் சேர்ந்து இருபத்தாறு வருஷத்தில் நான் பார்த்து அவர் விட்ட முதல் பஸ்.

23.2, திங்கள்

சிவராத்திரி. பகல் முழுக்கப் பால் மட்டும்.

சி.யின் உதவித்தொகைப் படிவங்களை நான்தான் எப்போதும் பென்சிலில் எழுதுவேன், அவர் மை போடுவார். இந்த வரிப் படிவத்தை அவரே வாங்கிப் பேனாவால் எழுதினார். நம்பியிருப்பவர் பேர், உறவு, வயது. ஊனத்தின் விவரம் என்ற இடத்தில் முன்னெல்லாம் நிறுத்துவார். இன்று நிறுத்தவில்லை. சின்னக் கழிவுதான். காலிப்பருக்குப் போதும், டீச்சருக்கு நான் பூ கட்டிச் சம்பாதிக்கிற காசிலிருந்து பார்த்துக்கொள்ளலாம்.

25.2, புதன்

காற்றே இல்லை. அப்பளம் இட்டேன், ஐம்பத்திரண்டு.

பகல் ஒரு மணிக்குப் போன். புதுக் குரல். "அக்கா, நான் மெஹருன்னிசா பேசறேன்." படிவத்தைப் பட்டியலில் சேர்த்தாகிவிட்டது என்று சொல்லத்தான் கூப்பிட்டாராம். வைக்காமல் இன்னும் ஏதோ சொல்ல நினைத்து நின்றார். அப்புறம் சொன்னார்.

காலையில் படிவத்தை வாங்கிப் பார்த்து, இவரிடம் தணிந்த குரலில்தான் கேட்டாராம், பழசில் 85 இருந்ததே, இப்போது 75 என்றால் சார் வேறு டாக்டரிடம் காட்டலாமா என்று.

"சார் மெதுவா பேசவே இல்லக்கா. எங்க செக்சன்ல எல்லாரும் நிமுந்து பாக்கறாப்புல சொன்னாரு. 'வேணாம்மா. அது சரியாதான் போட்டிருக்கு. எம் பொண்ணு இப்ப நடக்குது'ன்னாரு. அப்புறம் ஆளாளுக்கு சார சுத்தி நின்னுக்கிட்டு, பொண்ணு பேர் என்னா, எத்தினி வயசு, எப்ப கூட்டியாறீங்கன்னு. சாரும் உக்காந்து சொல்றாரு, சொல்றாரு, டீகூட ஆறிப் போச்சு."

யாரும் ஐயோ பாவம் என்றார்களா என்று கேட்டேன். ஒருத்தர் ஆரம்பித்தாராம். "சார் கையக் காட்டி நிறுத்திட்டு, பதினொரு அடிக் கணக்க மறுபடி முதல்லேருந்து ஆரம்பிச்சுட்டாரு."

வெள்ளிக்கிழமை எல்லோரும் வீட்டுக்கு வருகிறார்களாம், ஏழு பேர். டம்ளர் ஐந்துதான் இருக்கிறது.