நான் டைப் பண்ணின விலை

ஜூலை 7, திங்கள்
விடாத மழை. வடாலாவில் ரயில் நின்று லேட். எங்கள் ஷேர் புரோக்கர் ஆபீஸ் ஹாலில் விலை ஓடும் டிவி உறைந்து கிடந்தது. ஷேர் விலைகளை ஆன்லைன் ஷீட்டில் ஃபார்முலா தானே இழுக்கும். டிவி சாஃப்ட்வேர் அந்த ஷீட்டைப் படித்துக் கீழே ஓட்டும். ஷீட்டில் ஒரே ஒரு கட்டத்தில் எரர் வந்தாலும் டிவி மொத்தமும் படுத்துவிடும். இன்று எரர் பைப் கம்பெனி வரியில். அதன் டிரேடிங்கையே நிறுத்திவிட்டார்களாம், கணக்கில் ஏதோ தில்லுமுல்லு.

முதலாளி சேட்: "ராஜி, டிவி பந்த் ஹை. குச் பீ கரோ." எதையாவது செய்து ஓட வைக்கணுமாம்.

ஃபார்முலாவை அழித்து, வெள்ளிக்கிழமை விலையைக் கையால் டைப் பண்ணினேன். ஓடியது. எப்போதும் செய்வதுதான். சாவகாசமாக அந்த வரியை எடுக்க வேண்டும்.

வாங்க: ரசப்பொடி, பால். குடை ரிப்பேர்.

ஜூலை 9, புதன்
மார்க்கெட் சரியான அடி. டிவி முழுக்கச் சிவப்பு. மணி மாமா முகத்தில் மட்டும் சிரிப்பு. எங்கள் பழைய கஸ்டமர், ரிடையரானவர், விலை பார்க்க தினமும் சான்பாடாவிலிருந்து வருகிறார். மொபைலில் ஷேர் ஆப் என்றால் பயம். எங்கள் டிவிதான் வேத வாக்கு.

"பைப் ஒண்ணுதான் அசையாம நிக்கறது, பாத்தியோ? அதை வித்துதான் மாமிக்கு முட்டி ஆபரேஷன். டாக்டர்ட்ட தேதியே வாங்கிட்டேன். நேத்து எத்தனை சந்தோஷம் அவளுக்கு."

சொல்ல வாயெடுத்தேன். சேட் கூப்பிட்டார். திரும்புவதற்குள் மாமா கிளம்பிவிட்டார். போன் நம்பர் இருக்கிறது. பண்ணவில்லை. பயம்.

ஜூலை 10, வியாழன்
மாமா வரவில்லை. அப்பாடா என்றிருந்தது. என்ன ஜென்மம் நான்.

ஜூலை 11, வெள்ளி
மாமா கவுன்டரில் விற்கச் சொன்னார். கவுன்டரில் இருக்கும் ஷிண்டே, ஹாலுக்கே கேட்கிற மாதிரி: "காகா, யே தோ சோம்வார் சே பந்த் ஹை. நஹி பிகேகா." திங்கட்கிழமையிலிருந்தே டிரேடிங் இல்லை, விற்க முடியாது என்றான்.

மாமா டிவியைக் காட்டினார். "அங்கே ஓடறதே."

ஷிண்டே என்னைப் பார்த்தான். நான் டைப் பண்ணினது மாமா என்றேன். திட்டவில்லை. திட்டியிருக்கலாம். படியிறங்கும்போது கைப்பிடியை விடாமல் பிடித்துக்கொண்டு போனார். வரியை எடுத்துவிட்டேன்.

ஜூலை 14, திங்கள்
மழை இல்லை. புழுக்கம். மாமா நேரே என் மேஜைக்கு வந்தார். டாக்டர் ஊரில் இல்லை, ஆபரேஷன் தள்ளிப்போச்சு என்று மாமியிடம் சொல்லியிருக்கிறாராம்.

"தினம் இந்த டிவியை போட்டோ எடுத்து அவளுக்கு அனுப்பறது வழக்கம். பைப் எங்கே காணோம்னு கேப்பா. அதைத் திரும்பப் போடு."

"தப்பு மாமா. மத்தவாளும் நம்பிடுவா."

"ஒரு போட்டோ எடுத்துக்கறேன். உடனே அழிச்சுடு."

முடியாது என்றேன். அவர் நகரவில்லை. கையில் போனோடு நின்றுகொண்டே இருந்தார். ஹாலில் இன்னும் யாரும் வந்திருக்கவில்லை.

வரியைச் சேர்த்தேன். பழைய விலை எனக்கு மறந்துபோயிருந்தது. மாமா சொல்லச் சொல்ல டைப் பண்ணினேன்.