முதல் பீரியடு கணக்கு

சார், நேற்று நம் பழைய பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்குப் பொன்னாடை போர்த்திய கையோடு புதுத் தலைமையாசிரியர் திரையில் வண்ண வண்ணக் கட்டங்களைக் காட்டினார். எந்த ஊர்ப் பிள்ளைகள் எந்தப் பாடத்தில் எப்படி என்று. கணக்கில் கடற்கரைப் பிள்ளைகளின் கட்டம்தான் இருப்பதிலேயே குட்டை. பார்த்ததும் உங்கள் மேல்தான் எரிச்சல் வந்தது. போய்ச் சேர்ந்த மனிதர் மேல் கோபப்பட்டு என்ன பயன், ஆனாலும் வந்தது.

எழுபதுகளில் நீங்கள் கணக்கு, நான் தமிழ். ஆற்றுப்பாசனத்து ஊர்ப் பிள்ளைகள், காயல்பட்டினத்து வியாபாரிகள் வீட்டுப் பிள்ளைகள், புன்னைக்காயல் மீனவர் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வகுப்பில். அப்போதிருந்த தலைமையாசிரியர் ஒவ்வொரு கூட்டத்திலும் மார்க்கை ஊர்வாரியாகப் பிரித்து வைத்துக்கொண்டு நம்மைத் திட்டுவார். கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கணக்கு ஏறாது என்பது அவர் முடிவு. ஒரு வருடம் காலாண்டுப் பரீட்சையில் அவர்கள் மொத்தமாகத் தோற்றார்கள். அரையாண்டிலும் இப்படியே என்றால் எஸ்.எஸ்.எல்.சி. எழுத அனுப்ப மாட்டேன், பள்ளிக்கூடத்துத் தேர்ச்சி கெட்டுப்போகும் என்றுவிட்டார்.

காரணம் உங்களுக்குத் தெரிந்திருந்தது. ராத்திரி போன வள்ளங்கள் காலையில்தான் கரைக்கு வரும். வலையிலிருந்து மீனைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் பிள்ளைகள் வந்து சேர்வதற்குள் முதல் பீரியடு முடிந்திருக்கும். முதல் பீரியடு என்றைக்கும் கணக்கு. காலையில்தான் மூளை தெளிவாக இருக்கும் என்று எல்லாப் பள்ளிக்கூடத்திலும் வைத்திருக்கிற சட்டம்.

என் தமிழ் மதியத்தில்தானே, யாருக்கும் சொல்லாமல் மாற்றிக்கொள்வோம் என்றேன். ஒரே நாளில் முடிந்திருக்கும். நீங்கள் கேட்டால்தானே.

"களவா மாத்துனா நாம போன அன்னைக்கே பழையபடி ஆயிரும் டீச்சர். அவரு கையாலயே மாத்தணும்."

தினமும் அவர் அறைக்குப் போய் வாங்கிக் கட்டிக்கொண்டு வருவீர்கள். பரீட்சை நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் காலையில் அவரைக் கையோடு கூட்டிவந்து காலி பெஞ்சுகளுக்கு எதிரே நிறுத்தினீர்கள். பார்த்துவிட்டுப் போனவர், மறுநாள் மாற்றிக் கொடுத்தார்.

அப்புறம் காலையில் மாட்டிக்கொண்டது என் தமிழ். சோற்று வேளையில் அந்தப் பிள்ளைகளுக்கு நான் மறுபடி பாடம் எடுத்தேன். முறையிட்டால் சிரிப்பீர்கள்.

"செய்யுள வலை இழுத்துக்கிட்டே மனப்பாடம் பண்ணலாம் டீச்சர். அல்ஜீப்ராவ அப்படிப் பண்ண முடியுமா?"

அரையாண்டில் அநேகமாக எல்லாரும் தேறி, எஸ்.எஸ்.எல்.சி.யும் எழுதினார்கள். தம் கண்டிப்பின் பலன் என்று தலைமையாசிரியர் மேடையில் பேசினார். நீங்கள் கைதட்டினீர்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு நமக்கு ஆளுக்கொரு பக்கம் மாற்றல் வந்தது.

அவர் கையால் மாற்றியதும் நிற்கவில்லை சார். நேற்று எழுந்து, முதல் பீரியடு என்ன பாடம் என்று கேட்டேன்.

"கணக்குதான் மேடம். காலையிலதான மூளை ஃப்ரெஷ்ஷா இருக்கும்."

கடற்கரைப் பிள்ளைகள் இன்னும் வலைக்குப் போகிறார்களா என்றேன். தெரியவில்லையாம். கட்டம் போடத் தெரிந்திருக்கிறது.

நாளைக் காலை முதல் மணி அடிக்கும்போது அவரும் என்னோடு அந்த வகுப்பு வாசலில் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். முழங்கால் வலி உயிரை வாங்குகிறது. நீங்கள் வந்து நிற்க வேண்டிய இடம் அது. என்னை நிற்கவைத்துவிட்டுப் போய்விட்டீர்களே, சார்.